இலங்கையின் பழைய நாணயத்தாள்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீடுகளில் காணி உறுதிகளைப் பேணிவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. தெல்லிப்பழை, மல்லாகம், அளவெட்டி முதலிய ஊர்களில் சீதன உறுதிகளையும் ஈட்டு உறுதிகளையும் துணியிற் சுற்றிப் பெட்டகத்தின் அடியில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கையளித்த குடும்பங்கள் பல. அவ்வுறுதிகளைக் கால வரிசைப்படி அடுக்கிப் படிப்பவர் ஒரு புதுமையைக் காண்பர். மிகப் பழையவற்றிலே காணியின் பெறுமதி இறைசாலிற் சொல்லப்பட்டிருக்கும். அடுத்த தலைமுறையின் உறுதிகளில் பவுண், சிலிங், பென்ஸ் என்பன தலைகாட்டும். 1872ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டவற்றில் ரூபாவும் சதமும் வந்து நிலைத்துவிடும். வளவு அதுவே, எல்லையிற் கூறப்படும் பனையும் கிணறும் அவையே, அவற்றை அளந்த காசு மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது.

உறுதிகள் இருக்கின்றன, அக்காணிகளுக்குக் கைமாறிய தாட்காசுகள் எங்கே? பெட்டகத்தில் அவை இல்லை. இருக்கவும் நியாயமில்லை. உறுதி, வைத்திருப்பவனுக்குப் பயன்படுவது. நாணயத்தாளோ கொடுப்பதனாற் பயன்படுவது. மேலும், அக்காலத்து நாணயத்தாள் என்பது ஒரு வாக்குச் சீட்டு. இதனைக் கொண்டுவருபவருக்கு, கேட்ட மாத்திரத்தில், இத்துணைத் தொகையைக் காசாகக் கொடுப்போம் என்று அரசாங்கமோ வங்கியோ எழுதிக் கொடுத்த பத்திரம் அது. சீட்டைக் கொண்டுசென்றவன் வெள்ளிக்காசைப் பெற்றுக்கொண்டான்; திரும்பி வந்த சீட்டு செல்லாததாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. எனவே வாக்கு நன்கு காப்பாற்றப்பட்ட காலத்துத் தாள்களே இன்று மிக அரியனவாக இருக்கின்றன. எஞ்சியிருப்பன, ஏதோ ஒரு காரணத்தால் திரும்பிச் செல்லாதவை. சொந்தக்காரன் இறந்திருக்கலாம், நூலொன்றின் இடையில் வைத்து மறந்திருக்கலாம், மாற்றுவதற்கு விதித்த தவணை அவன் செவிக்கு எட்டாமலே கடந்திருக்கலாம். பழைய நாணயத்தாள் சேகரிப்போர் கையில் எடுக்கும் ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் இத்தகைய ஒரு தடையோ மறதியோ நட்டமோ இருக்கிறது. அதனைக் கண்டறிவதே இச்சேகரிப்பின் பயன், விலை இரண்டாவதே.

இலங்கையில் தாட்காசு முதன்முதலாக வழங்கியது ஒல்லாந்தர் காலத்தின் இறுதியில். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்து மக்கள் அறிந்தவை பொன் வராகனும், பணமும், செப்புத் துட்டுமே. ‘துட்டு’ என நாம் இன்று தூய தமிழ்போல வழங்கும் சொல்லும் ஒல்லாந்தரின் சிறு செப்புக் காசின் பெயரே. 1780 முதல் 1784 வரை ஒல்லாந்தருக்கும் ஆங்கிலேயருக்கும் நிகழ்ந்த போரினால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் செல்வம் கரைந்தது. கப்பல்கள் மூலம் வரவேண்டிய காசும் குறைந்தது. 1785ஆம் ஆண்டிற் கொழும்பிலிருந்த ஒல்லாந்த அரசாங்கம் கடன்பத்திரம் என்னும் கருத்துடைய ‘கிறெடீட்பிறீவன்’ எனும் தாள்களை வெளியிட்டது. கையிற் காசில்லாத அரசாங்கம் தன் பெயரையே காசாக்கிக்கொண்ட செயல் அது.

பதினோராண்டுகள் கழிந்து, 1796 பெப்ரவரியில், கொழும்புக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. யாழ்ப்பாணக் கோட்டை அதற்கு முந்திய ஆண்டு செப்டெம்பரிலேயே அவர்கள் வசமாகிவிட்டது. கொழும்பைக் கையளித்த உடன்படிக்கையில் நாணயத்தாள்களைப் பற்றிய ஒரு விதியும் இருந்தமை இன்றும் கவனிக்கத்தக்கது. ஒல்லாந்தர் வெளியிட்டுத் திரும்பப் பெறாத தாள்களுக்கு ஐம்பதினாயிரம் பவுண் வரை ஆங்கிலேயர் பொறுப்பேற்றனர். ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று வட்டியும் கொடுக்க உடன்பட்டனர். ஆயின், தீவு தம் வசம் இருக்கும் வரையிலேதான் அப்பொறுப்பு என்ற நிபந்தனையும் உடன் சேர்க்கப்பட்டது. தோற்றவன் கொடுத்த வாக்கை வென்றவன் ஏற்றது பெருந்தன்மையால் மட்டுமன்று. அத்தாள்களை வைத்திருந்த வணிகரும் உத்தியோகத்தரும் புதிய ஆட்சியோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது. முத்திரையும் ஒப்பமும் கொண்ட ஒரு துண்டுக் கடதாசி அரசியல் உடன்படிக்கையில் இடம்பெறத்தக்க பொருளாகிவிட்டது என்பதை இவ்விதி காட்டுகிறது.

ஆங்கிலேயரும் முதலில் இறைசாலையே கணக்குக் காசாகத் தொடர்ந்து வைத்திருந்தனர். பன்னிரண்டு பணம் கொண்டது ஓர் இறைசால். பணமொன்றுக்கு நான்கு ஸ்ரைவர். அரசாங்கத் திறைசேரி இறைசால் தாள்களை வெளியிட்டது. செலவு மிகுந்தபோதெல்லாம் தாளும் மிகுந்தது. தாள் மிகுந்தபோது அதன் மதிப்புத் தாழ்ந்தது. இறுதியில் 1825ஆம் ஆண்டு ஆங்கிலப் பவுணே இலங்கையின் கணக்குக் காசாக விதிக்கப்பட்டு, இறைசால் ஒன்றுக்கு ஒரு சிலிங் ஆறு பென்ஸ் என நிருணயம் செய்யப்பட்டது. 1827இல் பவுண் தொகை பொறித்த திறைசேரித் தாள்கள் வந்தன. மாற்றப்படாமல் எஞ்சிய இறைசால் தாள்கள் 1831 யூன் மாதத்தோடு செல்லாதனவாயின.

இத்தவணை என்பது சேகரிப்போர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. தவணைக்கு முன் மாற்றப்பட்ட தாள் தன் கடமையை முடித்து அழிந்தது. மாற்றப்படாத தாள் அன்றே வெறுங் கடதாசியாயிற்று; நூறாண்டு கடந்தபின் அருங்காட்சிப் பொருளாயிற்று. கொழும்பில் வாழ்ந்தவனுக்குத் திறைசேரி அருகில் இருந்தது. வடபகுதிக் கிராமத்தவனுக்கு அரசாங்கம் என்பது கச்சேரியும் அதன் மணியகாரரும் உடையாருமே. தவணையின் செய்தி அவர்கள் வழியாக வந்து சேர வேண்டும்; தாளும் அவர்கள் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். தாட்காசினால் வரும் நட்டம் தூரத்துக்கு ஏற்ப மிகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பழைய உறுதி ஒன்றில் நூறு இறைசால் எனக் கண்டால் அதன் கணக்கு யாது? 1825ஆம் ஆண்டின் விகிதப்படி அது ஏழு பவுண் பத்துச் சிலிங். பின்னர் 1836இல் இந்திய ரூபாவும் இலங்கையிற் செல்லுபடியாகும் காசாகப் பிரகடனம் செய்யப்பட்டது. கணக்கேடு பவுணில் இருக்க, கைமாறியதோ ரூபாவாயிருந்தது. இரண்டு சிலிங் ஒரு ரூபா என்ற பேரளவான விகிதத்தால் இரண்டையும் இணைத்தனர். அவ்விகிதப்படி நூறு இறைசாலுக்கு எழுபத்தைந்து ரூபா. 1872 சனவரி முதலாந் தேதி ரூபாவே தனிக் காசாக விதிக்கப்பட்டபோது விகிதம் இரண்டு சிலிங் மூன்று பென்ஸ் ஆயிற்று. அதன்படி அதே தொகை அறுபத்தாறு ரூபா அறுபத்தேழு சதம். ஈடு வைத்தவனுக்கும் பிடித்தவனுக்கும் இவ்வேறுபாடு சிறிதன்று. பவுண் தாள்கள் 1856ஆம் ஆண்டளவில் திரும்பப் பெறப்பட்டு மறைந்தன. ஆயினும் அச்சொல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகவில்லை. ஆங்கிலப் பொற்காசின் நிறையைக் குறித்து, தாலிக்கும் சங்கிலிக்கும் அளவாக இன்றும் வழங்குகிறது.

திறைசேரித் தாள்கள் மறைந்த இடத்தைத் தனியார் வங்கிகள் நிரப்பின. 1841இல் ‘இலங்கை வங்கி’ என்ற பெயரில் ஒரு வங்கி தொடங்கி, 1844இல் தாள் வெளியிட்டது. 1939இல் நிறுவப்பட்டு இன்று நாடெங்கும் கிளை கொண்ட இலங்கை வங்கிக்கும் அதற்கும் பெயரொற்றுமை தவிர வேறு தொடர்பில்லை. பழைய வங்கி பத்தாண்டுக்குள் ஓரியன்ரல் வங்கியோடு இணைந்துவிட்டது. அதன் பின்னர் ஓரியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனத்தின் தாளே தீவில் முதன்மை பெற்றது. அரச பட்டயம் பெற்ற வங்கி அது. ஆசியா முழுவதும் பெயர் பெற்றிருந்தது. அரசாங்கத் தாளையும் வங்கித் தாளையும் சாதாரண மக்கள் வேறுபடுத்திப் பார்த்திருப்பர் என்று எண்ணுதற்கில்லை.

அவ்வங்கியின் செல்வம் கோப்பியில் இருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களுக்கு அது தாராளமாகக் கடன் கொடுத்திருந்தது. 1869ஆம் ஆண்டில் கோப்பிச் செடியின் இலையில் செம்மஞ்சட் புள்ளியாக ஒரு துருநோய் கண்டது. முதலில் அதனை ஒருவரும் பெரிதாக எண்ணவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குள் அது கோப்பிப் பயிரையே தின்று தீர்த்தது. தோட்டங்கள் விலைப்படவில்லை, கடன்கள் மீளவில்லை. 1884 மே 3ஆம் தேதி ஓரியன்ரல் வங்கி கொடுப்பனவை நிறுத்திக் கதவை மூடிற்று.

அன்றைய நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வங்கியிற் பணம் வைத்தவர்கள் பெரும்பாலும் தோட்டத் துரைமாரும் பெருவணிகருமாவர். ஆனால் வங்கியின் தாளை வைத்திருந்தவர்களோ கடைக்காரரும், வண்டிக்காரரும், சிற்றூழியரும், மாதச் சம்பளத்தை அத்தாளிலே பெற்ற எழுதுவினைஞரும். முன்னவர் வங்கியை நம்பி இலாபம் கருதிப் பணம் இட்டவர். பின்னவர் யாரையும் தெரிந்தெடுத்து நம்பியவர் அல்லர். கைக்கு வந்த காசைப் பெற்றுக்கொண்டவர். வங்கி வீழ்ந்ததும் அவர்களிடமிருந்த தாளை வாங்குவார் இல்லை.

அப்போது தேசாதிபதியாக இருந்தவர் சேர் ஆதர் கோர்டன். அவர் இலண்டனிலுள்ள குடியேற்ற நாட்டு அமைச்சின் விடையை எதிர்பார்த்துக் காலந் தாழ்த்தாது, தம் பொறுப்பிலேயே ஒரு முடிவெடுத்தார். ஓரியன்ரல் வங்கியின் தாள்களுக்கு இலங்கை அரசாங்கமே பிணை என அறிவித்தார். அரசாங்கம் வெளியிடாத தாளுக்கு அரசாங்கம் பொறுப்பேற்றது. கலவரம் தணிந்தது, தாள்கள் மறுபடியும் கைமாறின. ஆங்கில ஆட்சியாளரின் செயல்களைப் புகழ்ந்துரைக்க வேண்டிய தேவை இன்று எவருக்கும் இல்லை; ஆயினும் இச்செயல் ஏழையின் மடியிலிருந்த காசைக் காத்தது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். அக்காலத்து யாழ்ப்பாணக் கச்சேரியில் துவைனந்துரை அரசாங்க அதிபராக இருந்தார். அவர் கச்சேரிக்குத் தீர்வை கட்ட வந்தவனின் கையிலிருந்த வங்கித் தாளுக்கும் இப்பிணை உயிர் கொடுத்தது.

பிணையால் மீட்கப்பட்ட தாள்கள் ஒழுங்காகத் திரும்பிச் சென்று அழிந்தன. ஓரியன்ரல் வங்கியின் பயன்பட்ட தாள் ஒன்று இன்று அகப்படுவது அருமையிலும் அருமை எனச் சேகரிப்போர் கூறுவதன் காரணம் இதுவே. வங்கி முறிந்ததால் அத்தாள் அரிதாயிற்று என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. வங்கி முறிந்து, பிணையும் இல்லாதிருந்தால், செல்லாத தாள்கள் கட்டுக் கட்டாக வீடுகளில் இன்றும் கிடக்கும்.

அதே ஆண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தாட்காசு வெளியிடும் உரிமையை அரசாங்கத்துக்கே ஆக்கியது. குடியேற்ற நாட்டுச் செயலாளர், பொருளாளர், கணக்குப் பரிசோதகர் நாயகம் ஆகிய உயர் உத்தியோகத்தர் நாணய ஆணையாளராயினர். வெளியிடும் தாளுக்கு ஈடாக ஒரு பகுதியை வெள்ளிக் காசாகவும் மற்றப் பகுதியை வட்டி தரும் பத்திரங்களாகவும் வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆணையாளர் ஒப்பம் தாளிற் காணப்படும். பதவிக்கு வந்தவர் மாற ஒப்பமும் மாறும். ஆகவே தேதியையும் ஒப்பத்தையும் சேர்த்துப் பார்த்து, ஒரு தாள் வெளியான காலத்தைச் சேகரிப்போர் துணிகின்றனர். பொய்த்தாளைக் கண்டறிவதற்கும் இதுவே முதற் சோதனை. ஒப்பமிட்டவர் தாளிலுள்ள தேதிக்குப் பிறகே பதவியேற்றவராயின், அத்தாளைப் பற்றி மேலும் ஆராய வேண்டியதில்லை.

1914இல் மூண்ட முதலாம் உலகப் போர் வெள்ளியின் விலையை உயர்த்திற்று. வெள்ளி ரூபாவை உருக்கி விற்பது செலவழிப்பதிலும் இலாபமாகும் நிலை வந்தது. 1917இல் இலங்கையில் ஒரு ரூபா, இரண்டு ரூபாத் தாள்கள் தோன்றின. அதே ஆண்டில் இந்திய அரசாங்கமும் முதன்முதலாக ஒரு ரூபாத் தாளை வெளியிட்டது. கொட்டைப்பெட்டியில் வெள்ளிக்காசு குலுங்கக் கேட்டுப் பழகிய முதியோர், ஓசையற்ற ஒரு ரூபாவை எளிதில் ஏற்றிருக்க மாட்டார்கள். பெருந்தொகைத் தாள் வணிகரோடும் உத்தியோகத்தரோடும் நின்றுவிட்டது. தாட்காசைக் கிராமத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது இந்த ஒரு ரூபாத் தாளே.

இரண்டாம் உலகப் போர்க்காலத் தாள்கள் குடாநாட்டு வீடுகளில் இன்றும் சில வேளைகளில் அகப்படக்கூடியவை. 1941ஆம் ஆண்டுத் தேதியுடன் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் உருவம் பொறித்த தாள்கள் வந்தன. கடற்பயணம் ஆபத்தாயிருந்த காலமாதலின் இவை இங்கிலாந்திலன்றி இந்தியாவின் நாசிக் நகரத்து அரசாங்க அச்சகத்தில் அச்சாயின. இத்தாள்களில் வாக்கு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழும் சிங்களமும் தொகையைக் கூறுமளவோடு நின்றுவிடும். எத்துணை ரூபா என்பதை மக்கள் தம் மொழியில் அறியலாம். அதனைத் தருவதாக வாக்களிப்பவர் யார், என்ன வாக்கு என்பதை அறிய ஆங்கிலம் வேண்டும். குடியேற்ற ஆட்சியின் இயல்பை இதைவிடத் தெளிவாக விளக்கும் பத்திரம் தேடினாலும் கிடைப்பது அரிது.

1942 ஏப்ரில் 5ஆம் தேதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையைத் தாக்கின. உலோகம் போருக்குப் போயிற்று. சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்க்க ஐம்பது சதம், இருபத்தைந்து சதம், பத்துச் சதம், ஐந்து சதம் ஆகிய தொகைகளுக்கும் தாள்கள் வந்தன. அவற்றுள் 1942 யூன் முதலாந் தேதியிட்ட ஐந்து சதத் தாள் விசித்திரமானது. தபால் முத்திரையின் ஓரம்போல நடுவே துளையிடப்பட்டு, ஒரு பாதி இரண்டு சதமும் மறு பாதி மூன்று சதமுமாகக் கிழித்துக்கொள்ளும்படி அமைந்திருந்தது. இரண்டு சதத்துக்கு உப்போ தீப்பெட்டியோ வாங்குபவன் காசைக் கிழித்துக் கொடுத்தான். அடுத்த இரண்டொரு ஆண்டில் பித்தளைக் கலவை நாணயங்கள் வந்தன; நாளடைவில் இச்சிறு தாள்கள் மறைந்தன. இரு பாதியும் பிரியாத தாளையே சேகரிப்போர் விரும்புவர். வரலாற்றை விரும்புபவருக்குக் கிழிந்த பாதியும் போதும்; அது தனக்கு இட்ட வேலையைச் செய்து முடித்தது.

யாழ்ப்பாணத்துப் பெட்டகங்களில் மலாயாத் தாள்களும் உண்டு. ஆங்கில ஆட்சிக்காலத்தில் குடாநாட்டின் படித்த இளைஞர் பலர் மலாயா சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணியாற்றினர். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த கல்வீடுகள் ஊர்தோறும் உள்ளன. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் தபாலும் பணமும் நின்றன. யப்பானியர் தமது டொலர்த் தாள்களை அங்கு புழங்கவிட்டனர். பத்து டொலர்த் தாளில் வாழைமரப் படம் இருந்ததால் அவற்றிற்கு வாழைத்தாள் என்றே பெயர் வழங்கிற்று. நாளடைவில் தொடரிலக்கமும் இன்றி அச்சாகிக் குவிந்த அத்தாள்கள், 1945இல் யப்பான் சரணடைந்தவுடன் மதிப்பை முற்றாக இழந்தன. மூன்றரை ஆண்டுச் சம்பளமும் சேமிப்பும் ஒரு நாளிற் கடதாசியாயின. கப்பலேறி ஊர் திரும்பியவர் சிலர் அவற்றை எறிய மனமின்றிக் கொண்டுவந்தனர். வாழைத்தாள் இன்று சந்தையில் மலிவானது. காப்பாற்றப்படாத வாக்கு மிகுதியாக எஞ்சும் என முன்னர்க் கூறியதற்கு இதுவே நேர்ச் சான்று.

1950 ஓகஸ்ற் 28ஆம் தேதி இலங்கை மத்திய வங்கி தொடங்கிற்று. 1951ஆம் ஆண்டுத் தேதியிட்ட அதன் முதல் தாள்களிலும் மன்னர் உருவமே இருந்தது. பின்னர் எலிசபெத் இராணியின் உருவம் வந்தது. 1956ஆம் ஆண்டுத் தாள்களில் இராணி நீங்கி இலங்கையின் இலச்சினை இடம்பெற்றது. சுதந்திரம் 1948இல் வந்தது. தாட்காசுக்கு அது வந்து சேர எட்டாண்டுகள் ஆயின.

இப்பொருள் பற்றி அறிய விரும்புவோருக்கு, கொட்றிங்ரன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலும், பி. டபிள்யூ. பெர்னாந்து பிரித்தானியர் கால நாணயத்தைப் பற்றி எழுதிய நூலும் இன்றும் துணையாவன. கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கி நடத்தும் அருங்காட்சியகத்திற் பழைய தாள்களைக் காணலாம். ஆயினும் அங்குள்ள தாள் எந்த ஊரில், யார் கையில் இருந்தது என்பதைப் பெரும்பாலும் அறிய முடியாது. அதை அறிந்தவர் தாளைப் பெட்டகத்தில் வைத்த வீட்டாரே.

வடபகுதியில் அவ்வறிவு பெரும் அழிவுக்குள்ளாயிற்று. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். தெல்லிப்பழையின் பல பகுதிகள் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியிருந்தன. 2009இல் போர் முடிந்தபின் காணிகள் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. ஓடும் வேளையில் உறுதியையும் நகையையும் எடுத்தவர் உண்டு. செல்லாத தாளொன்றை எடுக்க எவருக்கு நேரம் இருந்திருக்கும்? திரும்பிவந்தோர் பலருக்குப் பெட்டகமும் இல்லை. அதனை வைத்திருந்த சுவரும் இல்லை. ஆகவே, இடம்பெயர்ந்த வேளையிலும் தற்செயலாகக் கையோடு சென்ற ஒரு பணப்பையிலோ, சமய நூலின் ஏட்டிடையிலோ, கொழும்பிலுள்ள உறவினர் வீட்டிலோ எஞ்சியுள்ள தாள்கள் ஒவ்வொன்றும் பெறுமதி மிக்கன.

அத்தகைய தாள் கிடைத்தால் செய்யத் தகாதவை சில. அழுக்கு நீங்கக் கழுவுவது, சுருக்கம் போக அழுத்திப்பெட்டியால் தேய்ப்பது, கிழிசலைப் பசைநாடா கொண்டு ஒட்டுவது, கண்ணாடித் தாளிற் சூடாக்கி ஒட்டி மூடுவது ஆகிய நான்கும் தாளைக் கெடுக்கும். பசைநாடாவின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி நாரினுள் இறங்கிவிடும். பின்னர் எவராலும் நீக்க முடியாது. மடிப்பை விரித்து, அமிலமற்ற கடதாசி உறையில் இட்டு, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தல் போதும். கறையானும் இராமபாணப் பூச்சியும் உறுதிக்குப் போலவே இதற்கும் பகை. கிழிவெல்லாம் குறை என்றும் எண்ணற்க. இந்தியாவில் ஒரு காலத்தில் பெருந்தொகைத் தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதி சேர்ந்த செய்தி வந்தபின்னரே மறுபாதியைத் தபாலில் அனுப்பும் வழக்கம் இருந்தது. இடையில் ஒட்டப்பட்ட அத்தகைய தாள், களவுக்கு அஞ்சிய வணிகன் ஒருவனின் முன்யோசனையைக் காட்டுவது.

உறையின் மேல், தாளை உள்ளே இடுவதற்கு முன்னரே, பென்சிலால் நான்கு செய்திகள் எழுதப்படல் வேண்டும்: யார் வீட்டில் இருந்தது, எந்த ஊர், எப்பொருளோடு சேர்ந்து கிடைத்தது, அவ்வீட்டார் அதைப்பற்றிச் சொன்னது என்ன. தாத்தா மலாயாவிலிருந்து கொண்டுவந்தார் என்ற ஒரு வரியே போதும். தாளின் தேதியையும் ஒப்பத்தையும் தொடரிலக்கத்தையும் பின்வருவோர் தாளைப் பார்த்தே அறிந்துகொள்வர். அந்த ஒரு வரியை மட்டும் அவர்கள் வேறெங்கும் காணமாட்டார்கள்.